யாரும் எழுதாத எண்

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் கலந்தாய்வுக்கு முன்பு 10 இலக்க எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. செய்திகளில் அதைச் ‘சமவாய்ப்பு எண்’ என்று எழுதுவார்கள். வீடுகளில் அதன் பெயர் ‘ரேண்டம் நம்பர்’. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த எண்ணால் ஒரு உபயோகமும் கிடையாது. ஒரே கட்-ஆஃப் வாங்கிய இரண்டு பேரில் யார் முன்னால் என்று தீர்மானிக்க வேறு எந்த வழியும் இல்லாமல் போகும்போது மட்டும்தான் அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

அதற்கு முன்னால் உள்ள வழிகளின் வரிசை கொஞ்சம் நீளம். கட்-ஆஃப் என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுவது. அதில் இருவர் சமம் என்றால் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அதுவும் சமம் என்றால் இயற்பியல். பிறகு மற்ற மதிப்பெண்கள். பிறகு பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் பிரிக்க முடியவில்லை என்றால் ரேண்டம் எண். நடுப்படிகளில் ஆண்டுக்கு ஆண்டு சில மாற்றங்கள் வந்திருக்கின்றன; கடைசிப் படியில் நிற்பது இந்த எண்.

எனக்கு இந்த வரிசையில் மிக நேர்மையானதாகத் தோன்றுவது அந்தக் கடைசிப் படிதான். வேதியியலில் இரண்டு மார்க் கூடவும் கணிதத்தில் ஒரு மார்க் குறையவும் வாங்கிய பெண்ணைவிட மற்றவள் நல்ல பொறியாளராக வருவாள் என்று யாரும் உண்மையில் நம்புவதில்லை. ஆனாலும் அது ஒரு காரணம் மாதிரி இருக்கிறது. பிறந்த தேதி அப்படிக்கூட இல்லை. மூன்று நாள் முந்திப் பிறந்தவருக்கு கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், மற்றவருக்கு வேறு ஊரில் வேறு கல்லூரி என்றால், அது பிறந்த அன்றே போடப்பட்ட குலுக்கல். குலுக்கல் என்று பெயர் சொல்லாத குலுக்கல். ஒரு தலைமுறைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்டுக்கொடுத்த தேதியே பலருக்குப் பிறந்த தேதி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ரேண்டம் எண் மட்டும்தான் ‘இனி எங்களிடம் காரணம் எதுவும் இல்லை’ என்று ஒப்புக்கொள்கிறது.

ஆனால் காரணம் இல்லாத ஒரு எண்ணை உண்டாக்குவது எப்படி? மென்பொருள் எழுதுபவனுக்கு இது அன்றாடக் கேள்வி. எந்த நிரல்மொழியை எடுத்தாலும் அதன் அடிப்படை நூலகத்தில் ‘ரேண்டம்’ என்று ஒரு பகுதி இருக்கும். ஒரு வரி எழுதினால் ஒரு எண் வந்து விழும். அந்த ஒரு வரியை வைத்து ஒரு பிள்ளையின் இடத்தைத் தீர்மானிக்கலாமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

நாகர்கோவிலில் இருந்து உறவில் சித்தி முறையாகிற ஒருவர் ஒரு நாள் போன் செய்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான்.

“மக்கா, இவனுக்கு ரேண்டம் நம்பரு மூணுல தொடங்குது. அது நல்லதா கெட்டதா?”

“அதுல நல்லது கெட்டது ஒண்ணும் இல்ல சித்தி. அவன மாதிரியே மார்க் வாங்குன வேற ஒருத்தன் இருந்தாத்தான் அது எடுப்புக்கே வரும்.”

“இருந்தான்னா? அப்ப அது அவன் தலையெழுத்துல்லா. யாரு எழுதுனதாக்கும் அது?”

“ஒருத்தரும் எழுதல்ல. கம்ப்யூட்டர் போட்டதாக்கும்.”

“கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும்லா?”

சித்தி கணினி படித்தவரில்லை. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. எங்கள் பக்கம் கல்யாணக் காரியம், வீடு வாங்குவது என்று முடிவெடுக்க முடியாத நேரத்தில் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். தோவாளைப் பூச்சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் பூக்களில் சில இந்த வேலைக்கும் போகும். அங்கே எண்ணம் தெளிவு: பூவைத் தேர்ந்தெடுத்தது குழந்தையின் கை என்றாலும், பதில் சொன்னது சாமி. தற்செயல் என்று அதை யாரும் நினைப்பதில்லை. அது ஒரு பதில்.

பொறியியல் கலந்தாய்வின் எண் அப்படிப்பட்டதல்ல. அதில் யாருடைய பதிலும் இருக்கக் கூடாது. அமைச்சருடைய விருப்பமோ, அதிகாரியின் கருணையோ, நிரல் எழுதியவரின் குறும்போ அதில் கலக்கக் கூடாது. குலுக்கல் ஏன் நியாயமானது என்று ஆராய்ந்த அரசியல் தத்துவ அறிஞர் பீட்டர் ஸ்டோன், 2011-இல் வெளியான தன் நூலில், அதன் வேலை ஒரு வகைச் சுத்திகரிப்பு என்று வாதிடுகிறார். தீர்ப்புக்குள் கெட்ட காரணங்கள் நுழையாமல் அது தடுக்கிறது. அதற்கான விலையாக நல்ல காரணங்களையும் வெளியே நிறுத்திவிடுகிறது. ஆகவே நல்ல காரணங்கள் தீர்ந்த பிறகுதான் அதைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகு அதற்குள் யாரும் கை வைக்கக் கூடாது.

*

இப்போது அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணினி என்பது சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம். தற்செயலாக எதையும் செய்யக்கூடாது என்பதற்காகவே கட்டப்பட்டது. அதனால் நூலகத்தில் இருக்கும் ரேண்டம் எண்கள் பெரும்பாலும் போலித் தற்செயல் எண்கள். ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொண்டு, அதைக் கணித விதிப்படி கடைந்து கடைந்து, பார்வைக்கு ஒழுங்கே இல்லாத ஒரு நீண்ட வரிசையை உண்டாக்குகிறார்கள். தொடக்க எண்ணுக்கு ‘சீடு’ என்று பெயர். விதை என்று சொல்லலாம். விதை ஒன்றானால் பயிரும் ஒன்று.

பைதான் மொழியில் 42 என்ற விதையைப் போட்டு முதல் எண்ணைக் கேட்டால் 0.6394267984 என்று தொடங்கும் எண் வரும். நாகர்கோவிலில் கேட்டாலும் நார்வேயில் கேட்டாலும் அதே எண். இன்றைக்கும் அது, நாளைக்கும் அது. கோ மொழியில் 2023-இல் 1.20 பதிப்பு வரும்வரை, நீங்களாக விதை போடாவிட்டால், நிரல் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதே வரிசையே வந்துகொண்டிருந்தது. புதிதாகக் கற்பவர்கள் இதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். “இதுல என்ன ரேண்டம் இருக்கு?” என்று கேட்காத ஜூனியர் பொறியாளரை நான் பார்த்ததில்லை.

பைதானின் அந்த நூலகத்துக்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை. ஜப்பானைச் சேர்ந்த மகோதோ மட்சுமோட்டோவும் தகுஜி நிஷிமுராவும் 1997-இல் உருவாக்கியது. அது தன் வரிசையைத் திரும்பத் தொடங்குவதற்கு முன் தரும் எண்களின் எண்ணிக்கையை எழுதினால் அதற்கே 6,002 இலக்கங்கள் வேண்டும். புள்ளியியல் சோதனைகள் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடும். ஆனால் அது தரும் 32 பிட் எண்களில் 624-ஐ வரிசையாகப் பார்த்துவிட்டால், அடுத்து வரப்போகும் எல்லா எண்களையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பாதுகாப்புக் காரியங்களுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று பைதான் ஆவணமே எச்சரிக்கிறது. அதற்கென்று ‘சீக்ரெட்ஸ்’ என்ற தனி நூலகம் 3.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

விதை சிறிதாக இருந்தாலும் ஆபத்து. ஒரு சீட்டுக்கட்டின் 52 சீட்டுகளை அடுக்கும் விதங்களின் எண்ணிக்கை 68 இலக்க எண். 1999-இல் அமெரிக்காவில் சில மென்பொருள் ஆய்வாளர்கள் இணைய போக்கர் விளையாட்டு ஒன்றின் கலைக்கும் நிரலைப் பிரித்துப் பார்த்தார்கள். விதையாக எடுத்திருந்தது நள்ளிரவில் இருந்து கடந்த மில்லி விநாடிகளை. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிகள்தான். ஆகவே கட்டு அவ்வளவு விதமாகத்தான் கலைய முடியும். வழங்கியின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஏறக்குறைய ஒத்துவைத்து, தங்கள் கையில் வந்த சீட்டுகளையும் மேசையில் திறந்த சீட்டுகளையும் பார்த்து, எல்லோர் கையிலும் என்ன இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. திரையில் சீட்டுகள் கலைவது மற்ற ஆட்டக்காரர்களுக்கு அழகாகத்தான் தெரிந்திருக்கும்.

*

பார்வைக்குக் கலைந்திருப்பது வேறு, யாரும் கைவைக்காமல் இருப்பது வேறு. இரண்டும் தனித்தனியாகத் தவறக்கூடியவை. அமெரிக்காவிலேயே இரண்டுக்கும் ஒவ்வொரு உதாரணம் இருக்கிறது.

வியட்நாம் போருக்கு இளைஞர்களை அழைக்க 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் நடத்தினார்கள். ஆண்டின் 366 தேதிகளையும் சிறு குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் இட்டு, தொலைக்காட்சியில் நாடே பார்க்க ஒவ்வொன்றாக எடுத்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் குப்பிகளை மாதம் மாதமாகப் பெட்டியில் போட்டுவிட்டு, போதுமான அளவு கலக்காமல் விட்டுவிட்டார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் கூடுதலாக முதலிலேயே வந்து விழுந்தன. டிசம்பரில் பிறந்த பையன்களுக்குப் போர் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. நல்ல மனசு இருந்தது. சரியான கலக்கல் இல்லை.

மற்றது ஹாட் லாட்டோ வழக்கு. பல மாநிலங்கள் சேர்ந்து நடத்திய லாட்டரி அமைப்பில் தகவல் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் எடி டிப்டன். எண்களை உண்டாக்கும் நிரலை எழுதியவரும் அவர். ஆண்டின் மூன்று குறிப்பிட்ட நாட்களில் மட்டும், அவை குறிப்பிட்ட கிழமைகளில் வந்தால், எண்கள் முன்கூட்டியே கணிக்கக்கூடியவையாக வரும்படி சில வரிகளை உள்ளே சேர்த்திருந்தார். 2010 டிசம்பர் 29 குலுக்கலில் ஏறக்குறைய 1.65 கோடி டாலர் பரிசு அவர் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அந்த நிரல் சோதனைகளில் தேறியிருந்தது. எண்களின் பரவலைப் பார்த்து ஒருவராலும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவரைக் காட்டிக்கொடுத்தது சீட்டு வாங்கிய கடையின் கேமரா. 2017-இல் 25 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இங்கே கலக்கல் சரியாக இருந்தது, மனசு சரியில்லை.

எண்கள் ஒழுங்கற்றவையா என்று சோதிக்கக் கணிதத்தில் வழி உண்டு. அவற்றுக்குப் பின்னால் ஒரு மனிதனின் விருப்பம் இருந்ததா என்று சோதிக்க எண்களிடம் வழியே இல்லை. அதற்கு சாட்சி வேண்டும்.

*

இதை நம் ஊர்க்காரர்கள் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. பள்ளிப் பாடத்தில் குடவோலை முறை என்று எல்லோரும் படித்திருப்போம். ‘உலகின் பழைய ஜனநாயகம்’ என்று பெருமை பேசிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதை ஒரு பொறியாளனாக, நடைமுறைக் குறிப்பாக வாசித்துப் பார்க்க வேண்டும்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு குடும்பாகக் கட்டி, குடத்தில் இட வேண்டும். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்துக்கு மாற்றிக் குலுக்க வேண்டும். அதிலிருந்து அவன் ஒரு ஓலையை எடுத்து நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் அதை ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாசிக்க வேண்டும். பிறகு நம்பிமார் ஒவ்வொருவரும் அதை வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் எழுதப்படும்.

ஐந்து விரல்களையும் விரித்து என்ற அந்தக் குறிப்பில்தான் எனக்குப் பெரிய மரியாதை. விரலிடுக்கில் ஓலையை மறைத்துவைத்து மாற்றிவிட முடியும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஒருவேளை யாரோ செய்தும் இருக்கலாம். ஆனால் நடுவரை யோக்கியமானவராகத் தேடிப் பிடியுங்கள் என்று அந்த விதி சொல்லவில்லை. அவர் கையை விரிக்கட்டும் என்கிறது. யோக்கியரானாலும் விரிக்கத்தான் வேண்டும். மாற்றிக் குலுக்குவது கலக்கலுக்கு, விரித்த விரல்கள் சாட்சிக்கு. 1969-இல் தவறியதும் 2010-இல் தவறியதும் இந்த ஒரே நடைமுறையில் அடங்கியிருக்கின்றன.

குடத்தின் நியாயம் குடத்துக்குள் இடப்பட்ட பெயர்களோடு முடிந்துவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அது பிராமணர்களின் ஊர்ச்சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35-லிருந்து 70-க்குள் வயதும் உள்ளவரின் பெயர்தான் ஓலையில் ஏறும். அந்த நிலத்தில் உழுதவர் பெயர் குடத்தருகே வந்ததே இல்லை. குலுக்கல் எவ்வளவு தூய்மையாக நடந்தாலும், யார் குலுக்கலுக்கு வரலாம் என்ற முந்தைய அநீதியை அது சரிசெய்யாது. மூடி மறைக்கவும் செய்யும். நல்ல அரசுக் கல்லூரி இடங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு ரேண்டம் எண் பதிலாகிவிடாது. அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது. குலுக்கலையும் கணக்குக் காட்டுவதையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

*

திரும்பவும் அந்த ஒரு வரிக்கு வருவோம். நூலகத்தில் இரண்டு வழிகள் இருப்பதாகச் சொன்னேன். சாதாரண ‘ரேண்டம்’ கணிக்கக்கூடியது. ‘சீக்ரெட்ஸ்’ கணிக்க முடியாதது. முக்கியமான காரியம் என்றால் இரண்டாவதை எடு என்பதுதான் எங்கள் தொழிலில் ஆகி வந்த அறிவுரை. கடவுச்சொல்லுக்கு அது சரி. ஆனால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வரிசைக்கு அது மட்டும் போதாது. கணிக்க முடியாத எண் வந்து விழுகிறது. அது எங்கிருந்து வந்தது என்ற தடம் எதுவும் மிச்சமில்லை. நூறு முறை ஓட்டிப் பார்த்து, பிடித்த முடிவு வந்ததும் நிறுத்திக்கொண்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. கடவுச்சொல்லுக்கு வேண்டியது ரகசியம், குலுக்கலுக்கு வேண்டியது சாட்சி.

இங்கேதான் சாதாரண ‘ரேண்டம்’ மீது நாம் சொல்லும் பெரிய குறை ஒரு குணமாக மாறுகிறது. விதை தெரிந்தால் வரிசை முழுவதையும் யார் வேண்டுமானாலும் திரும்ப உண்டாக்கலாம். அப்படியென்றால் கணக்குக் கேட்கலாம். செய்ய வேண்டியது விதையை ஊரறியப் போடுவது. முதலில் விண்ணப்ப எண்களின் பட்டியலை, பெயர் இல்லாமல், வெளியிட்டுப் பூட்டிவிட வேண்டும். நிரலை வெளியிட வேண்டும். இன்ன நாளில் நடக்கப்போகும், யார் கையிலும் இல்லாத, எல்லோருக்கும் தெரியவரும் நிகழ்வுகளில் இருந்து விதை எடுக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அது நடந்த பிறகு எவரும் தன் வீட்டுக் கணினியில் நிரலை ஓட்டி, அதே எண்கள் வருகின்றனவா என்று பார்க்கலாம். விதை முன்பே தெரிந்தால் களவுக்கு இடம். பின்பும் தெரியாவிட்டால் இருட்டு.

இது ஆகாயத்தில் கட்டும் கோட்டை இல்லை. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, தன் பொறுப்பாளர்களை நியமிக்கும் குழுவைக் குலுக்கல் முறையில்தான் எடுக்கிறது. அதற்கான வழிமுறை 2004-இல் ஆர்எஃப்சி 3797 என்ற ஆவணமாக வந்தது. அரசு லாட்டரி முடிவுகள் போன்ற பொதுவான எண்கள் பலவற்றைக் கோத்து விதையாக்கலாம் என்று அது சொல்கிறது. நம் பக்கத்தில் அதற்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் 1967-இல் தொடங்கிய கேரள அரசு லாட்டரி இன்றைக்கும் நடக்கிறது. திருவனந்தபுரத்தில் விழும் எண்களை எடுத்து சென்னையில் விதையிடலாம் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். லாட்டரி வேண்டாம் என்றால், பல பள்ளிகளில் இருந்து வந்த மாணவர்கள் மேடையேறி ஆளுக்கொரு தாயக்கட்டையை உருட்டட்டும். கோக்கப்படும் எண்கள் போதுமான அளவு அதிகமாக இருந்தால் சரி.

சாதாரண மக்களுக்கு நிரல் புரியாதே என்று கேட்கலாம். உத்திரமேரூரில் கூடியிருந்த எல்லோருக்கும் ஓலை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்த பலர் இருந்தார்கள், ஒவ்வொருவரும் வாசித்தார்கள், எவரும் மறுக்கவில்லை என்பது மற்றவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலாவதாக வந்த எங்கள் மாவட்டத்தில், தெருவுக்கு ஒரு இன்ஜினியரிங் படித்த பிள்ளை இருப்பான். சித்தி கேட்ட கேள்விக்கு அவன் நிரலை ஓட்டிக் காட்டிப் பதில் சொல்ல முடியும்.

‘கம்ப்யூட்டர் போட்டது’ என்பது இன்று நம் அலுவலகங்களில் பழைய ‘தலையெழுத்து’ வகித்த இடத்தைப் பிடித்துவருகிறது. இரண்டும் கேள்வியை முடித்துவைக்கும் சொற்கள். ஆனால் தலையெழுத்திடம் நாம் கணக்குக் கேட்க முடியாது. நிரலிடம் கேட்கலாம், கேட்கும்படி எழுதினால். தோற்ற பிள்ளைக்கு நாம் தரக்கூடிய ஆறுதல் மிகக் குறைவு. ‘உன்னைவிட அவன் மேல்’ என்று சொல்ல முடியாது, அது பொய். ‘விதி’ என்று சொன்னால், யார் விதித்தது என்று கேட்பான். ‘உங்கள் இருவருக்கும் ஒரே தகுதி, இடம் ஒன்றுதான் இருந்தது, இந்த எண்ணை யாரும் எழுதவில்லை, வேண்டுமானால் நீயே ஓட்டிப் பார்’ என்று சொல்ல முடிந்தால், அவனுக்கு இடம் கிடைக்காது. ஆனால் தனக்கு ஒருவரும் துரோகம் செய்யவில்லை என்று அவன் நிச்சயமாகத் தெரிந்துகொண்டு அடுத்த கல்லூரிக்குப் போவான். அந்த நிச்சயம் அவனுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன்.